எல்பே கரைக்கு வரும் ஷிகாகோ மேளங்கள்

லுட்விக், கிரெட்ச், ஸ்லிங்கர்லேண்ட், ராஜர்ஸ். பழைய அமெரிக்க டிரம்ஸ் செட் தேடுகிறவர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வருபவை இந்த நான்கு பெயர்கள். 1930களிலிருந்து 1970களின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் ஷிகாகோ, புரூக்லின், ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர்கள் ஆகியவற்றில் இவை செய்யப்பட்டன. அரை நூற்றாண்டு கடந்தும் மேடையில் வாசிக்கிறார்கள், ஒலிப்பதிவுக்கு வைக்கிறார்கள், வீட்டில் அடுக்கி வைத்து அழகும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் இருப்பவருக்கு இது வார இறுதியில் கார் எடுத்துக்கொண்டு போய் தட்டிப் பார்த்து வாங்குகிற சரக்கு. ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், எல்பே நதிக்கரையில் உள்ள டிரெஸ்டன் நகரத்துச் சேகரிப்பாளருக்கு அது புகைப்படம், கடிதப் போக்குவரத்து, கப்பல் அல்லது விமானக் கூலி, சுங்க அலுவலகம் என்று நீளுகிற காரியம். தட்டிப் பார்க்க முடியாத இடத்தில் காதுக்கு வேலையில்லை. படத்தில் தெரியும் மரத்தையும் மையையும் துளையையும் படிக்கத் தெரிந்தவரே ஏமாறாமல் வாங்குகிறார்.

ஜெர்மனியிலிருந்து போன பெயர்கள்

இந்த வணிகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கப் பொருள் என்று தேடி வாங்கப்படும் இரண்டு பெரிய பெயர்களும் ஜெர்மானியப் பெயர்கள். ஃபிரீட்ரிஷ் கிரெட்ச் மான்ஹைம் நகரத்துக்காரர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து 1883இல் புரூக்லினில் கடை வைத்தார். பாஞ்சோ, டாம்பரின், டிரம் என்று தொடங்கிய அந்தக் கடையின் சந்ததிதான் பிற்காலத்தில் மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் ஆகிய ஜாஸ் மேதைகள் வாசித்த கிரெட்ச் செட். வில்லியம் லுட்விக் 1879இல் ஹெஸ்ஸன் பகுதியின் நெண்டரோத் என்ற கிராமத்தில் பிறந்து, சிறுவனாக ஷிகாகோ போனவர். 1909இல் தம்பி தியோபால்டுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். முதல் சரக்கு டிரம் கூட அல்ல. காலால் மிதித்துப் பெரிய மேளத்தை வேகமாக அடிக்க உதவும் ஒரு பெடல். ராக்டைம் இசையின் வேகத்துக்குப் பழைய பெடல்கள் ஈடுகொடுக்காததால் அவரே ஒன்றைச் செய்துகொண்டார்.

காலால் மிதிக்கும் கருவிக்கும் டிரெஸ்டனுக்கும் அதைவிடப் பழைய உறவு இருக்கிறது. சிம்பனி இசைக்குழுவின் பின்வரிசையில் பெரிய செம்புக் கொப்பரைகள்போல நிற்கும் டிம்பனியில், வாசித்துக்கொண்டே சுருதி மாற்றுவது ஒரு காலத்தில் பெரும் தொல்லை. கையால் ஒவ்வொரு திருகாகத் திருப்ப வேண்டும். 1880களின் தொடக்கத்தில் டிரெஸ்டனில் கார்ல் பிட்ரிஷ் என்பவர் பெடல் மிதித்தால் தோல் முழுவதும் ஒரே சீராக இறுகும் பொறியை அமைத்தார். 1548இல் தொடங்கிய அரசவை இசைக்குழு இயங்கும் ஊர் என்பதால் அங்கே அதற்குத் தேவையும் இருந்தது, சோதித்துப் பார்க்கக் கைகளும் இருந்தன. அந்த வடிவத்துக்கு இன்றும் ‘டிரெஸ்டன் டிம்பனி’ என்றே உலகெங்கும் பெயர். அமெரிக்க இசைக்குழுக்கள் அதை இறக்குமதி செய்தன. லுட்விக் 1910களில் தம் சொந்தப் பெடல் டிம்பனியை உருவாக்கியது அந்த ஜெர்மன் கருவிகளுக்கு மாற்றாகத்தான். பின்னாளில் டென்வரில் வால்டர் லைட் என்ற டிம்பனி கலைஞர் டிரெஸ்டன் வடிவத்தையே அமெரிக்காவில் செய்து விற்றார்.

சாக்சனி மாநிலம் முழுவதுமே இசைக்கருவி ஏற்றுமதியில் வாழ்ந்த பகுதி. செக் எல்லையோரம் உள்ள மார்க்நொய்கிர்ஷன் என்ற சிற்றூரிலிருந்து வயலினும் கித்தாரும் அவ்வளவு அதிகமாக அமெரிக்காவுக்குப் போனதால், 1893 முதல் 1916 வரை அமெரிக்க அரசு அங்கே ஒரு துணைத் தூதரக அலுவலகத்தையே நடத்தியது. சரக்கு அப்போது கிழக்கிலிருந்து மேற்கே போனது.

கிடைக்காத காலம்

1945க்குப் பின் டிரெஸ்டன் சோவியத் ஆளுகைக்கும், 1949 முதல் கிழக்கு ஜெர்மனிக்கும் உட்பட்டது. லீப்சிக் அருகே வைசன்ஃபெல்ஸ் என்ற ஊரில் 1875இல் யோஹன்னஸ் லிங்க் தொடங்கிய சோனோர் டிரம் தொழிற்சாலையை அரசு எடுத்துக்கொண்டது. குடும்பம் மேற்கே வெஸ்ட்ஃபாலியாவுக்குப் போய் அதே பெயரில் மறுபடி தொழில் தொடங்கியது. வைசன்ஃபெல்ஸில் மிஞ்சிய தொழிற்சாலை ‘டிரோவா’ என்ற புதுப் பெயரில் கிழக்குக்கு டிரம் செய்தது. ஆகவே அன்றைய டிரெஸ்டன் இளைஞர் கையில் கிடைத்தது டிரோவா. இல்லாவிட்டால் செக்கோஸ்லோவாகியாவின் அமாத்தி.

லுட்விக் கிடைப்பதில் இருந்த தடை அரசியல் மட்டுமல்ல. கிழக்கு ஜெர்மன் மார்க்கை வெளிநாட்டில் எந்த வங்கியும் வாங்காது; டாலர் இல்லாதவருக்கு ஷிகாகோ இல்லை. போதாததற்கு 1958இல் வந்த ஆணை, மேடையில் இசைப்பதில் 60 சதவீதம் சோசலிச நாட்டு இசையாக இருக்க வேண்டும் என்றது. 1965இல் லூயி ஆம்ஸ்ட்ராங் கிழக்கு பெர்லினிலும் லீப்சிக்கிலும் வாசித்துவிட்டுப் போனார்; அதே ஆண்டு இறுதியில் ஆளும் கட்சி பீட் இசைக் குழுக்கள்மீது பாய்ந்தது. இருந்தும் டிரெஸ்டனில் 1969இல் எலெக்ட்ரா என்ற ராக் குழு பிறந்தது. 1971இல் தொடங்கிய டிக்ஸிலாண்ட் ஜாஸ் விழா இன்றும் பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கிறது. எல்பே நதியின் துடுப்புச் சக்கரக் கப்பல்களில் நியூ ஆர்லியன்ஸ் இசை கேட்கும். 1943இல் இந்நகரில் பிறந்த டிரம் கலைஞர் குந்தர் சோமருக்கு ‘பேபி’ என்ற பட்டப்பெயர், ஆம்ஸ்ட்ராங்குடன் வாசித்த நியூ ஆர்லியன்ஸ் டிரம்மர் பேபி டாட்ஸின் நினைவாக ஒட்டிக்கொண்டது. மேளம் வராவிட்டாலும் பெயராவது வந்துவிட்டது எனலாம்.

1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மன் மார்க் கிழக்கிலும் செல்லுபடியாயிற்று. அன்று முதல் டிரெஸ்டன்காரருக்கு ஷிகாகோ விலைக்கு எட்டும் ஊர்.

கட்டையின் உட்புறம்

மிருதங்கக்காரர்கள் ‘கட்டை’ என்பார்களே, தோல் கட்டுவதற்கு முன்பான மர உடல், அதைத்தான் டிரம் உலகில் ஷெல் என்கிறார்கள். பண்ருட்டிப் பலாக்கட்டையைக் கடைந்து எடுப்பதுபோல ஒரே மரத்தைக் குடைவதில்லை. மெல்லிய மரத் தகடுகளைப் பசையிட்டு வளைத்து ஒட்டிய பிளைவுட் அது. விதிவிலக்கு ஸ்லிங்கர்லேண்டின் ரேடியோ கிங் ஸ்நேர் (அடித்தோலில் கம்பிகள் அதிரும் சிறு மேளம்) போன்ற சில; ஒற்றை மேப்பிள் பலகையை ஆவியில் வேகவைத்து வளைத்துச் செய்தவை, டிரம்மர் ஜீன் குருபா புகழ்பெறச் செய்தவை. 1950, 60களின் லுட்விக் கட்டை மூன்றடுக்கு. இரு விளிம்புகளிலும் உட்புறமாக வலுவூட்டும் மேப்பிள் வளையம் இருக்கும். 1970களின் நடுவில் ஆறடுக்கு வந்து வளையம் போயிற்று. கிரெட்ச் முன்னதாகவே ஆறடுக்குக்கு மாறி, உட்புறம் முழுவதும் வெள்ளி நிறப் பூச்சு அடித்தது. மிருதங்கத்தில் பழைய கட்டைக்கு மவுசு இருப்பதுபோல இங்கும் பழைய மரத்துக்கு மவுசு உண்டு. வலுவூட்டு வளையமும் உருண்டையான விளிம்பும் கொண்ட பழைய லுட்விக்கின் கொழுத்த, சீக்கிரம் அடங்கும் நாதத்தை வேண்டுகிறவர்கள் புதிய செட்டில் அதைத் தேடுவதில்லை.

வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய படம் வெளிப்புறத்தின் பளபளப்பு அல்ல. தோலைக் கழற்றிவிட்டு எடுத்த உட்புறப் படமே முக்கியம். லுட்விக் கட்டைகளின் உள்ளே சிவப்பு அல்லது கறுப்பு மையில் தேதி முத்திரை இருப்பதுண்டு. 1960களின் பெரும்பகுதியில் உள்ளே வெள்ளை வண்ணம். அப்பத்தாண்டின் இறுதியில் மரம் தெரியும் வார்னிஷ். கட்டையின் வெளியே அடித்த பெயர்த்தகட்டை பேட்ஜ் என்பார்கள்; 1963 இறுதிக்கு முன் செய்த பேட்ஜ்களில் வரிசை எண் கிடையாது. 1960களின் லுட்விக் பேட்ஜ் பித்தளை நிறத்தில், கட்டட வளைவின் உச்சியில் வைக்கும் நடுக்கல் வடிவில் இருக்கும். 70களில் அது நீலமும் பச்சையுமாக மாறியது. கிரெட்சுக்கு 1971 வரை வட்ட பேட்ஜ், பிறகு எட்டுக்கோணம். இந்த நான்கைந்து அடையாளங்களும் ஒரே ஆண்டைச் சுட்டினால் சரி. ஒரு மேளத்தின் முத்திரை 1964 என்றும் இன்னொன்றின் முத்திரை 1967 என்றும் வந்தால், வெவ்வேறு செட்டுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது என்று பொருள். அதுவும் குற்றமில்லை, விலை அதற்கேற்ப இருந்தால்.

வரிசை எண்ணை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்பவர்களிடம் கவனம் தேவை. லுட்விக் தொழிற்சாலையில் பேட்ஜ்கள் பெட்டியில் கொட்டிக்கிடந்தன. கைக்கு வந்ததை எடுத்து அடித்தார்கள். அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த நாளில் செய்யப்பட்டவை அல்ல.

1964இன் லுட்விக் செட்டுகளைச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுவது ஏன் என்பதற்கு விடை தெரிந்ததே. 1963இல் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் ‘டிரம் சிட்டி’ கடைக்குப் போய், கறுப்பில் சிப்பி மினுமினுப்புக் கொண்ட லுட்விக் செட் ஒன்றை எடுத்தார். முன்தோலில் லுட்விக் பெயர் பெரிதாக இருந்தது. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அந்தப் பெயரைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். ஷிகாகோவின் டேமன் அவென்யூ தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. ரிங்கோவின் அந்த முதல் செட் 2015இல் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது தனிக் கதை. ஆனால் அந்த ஒளிவட்டத்தால் அதே நிறத்து, அதே அளவு செட்டுகள் எல்லாமே மற்ற நிறங்களைவிடப் பலமடங்கு விலைக்குப் போகின்றன. ஆகவே போலியும் அந்த நிறத்தில்தான் அதிகம். சாதாரணக் கட்டைக்குப் புதிய கறுப்புச் சிப்பி உறை ஒட்டி, பழையது என்று விற்பார்கள். லக் எனப்படும், தோலை இழுத்துப் பிடிக்கும் குரோமியக் குமிழ் ஒன்றைக் கழற்றிப் படம் எடுக்கச் சொன்னால் குட்டு வெளிப்படும். வெளிச்சம் படாத அந்த இடத்தில் பழைய செல்லுலாய்டு உறை பிறந்த நிறத்தோடு இருக்கும். சுற்றிலும் வெளுத்தோ பழுத்தோ இருக்கும். நீல மினுமினுப்பு பச்சையாகும், வெள்ளை முத்து மஞ்சளாகும். குமிழின் அடியும் வெளியும் ஒரே நிறமானால் உறை புதிது.

நிறம் மாறியதைக் குறையாக நினைக்கும் சேகரிப்பாளர் பணத்தை வீணாக்குவார். விலையைத் தின்னும் குறைகள் வேறு. முதலாவது, பிற்காலத்தில் யாரோ போட்ட கூடுதல் துளைகள். 1970களில் தடித்த இரும்புத் தாங்கிகள் நாகரிகமானபோது நல்ல கட்டைகளை ஓட்டை போட்டு நாசம் செய்தவர்கள் ஏராளம். இரண்டாவது, தோல் உட்காரும் விளிம்பை மறுபடி வெட்டியது. கிரெட்சின் பழைய விளிம்பு 30 பாகைச் சரிவு; அதை யாரோ புதுப் பாணியில் 45 ஆக்கியிருந்தால் பெயர் மட்டுமே கிரெட்ச். மூன்றாவது, கட்டை வட்டம் கெட்டிருப்பது; நெடுநாள் பரணில் ஒரு பக்கமாகக் கிடந்தால் வரும். கட்டையைச் சமமான கல்மேல் கவிழ்த்து, உள்ளே விளக்கு வைத்து, விளிம்படியில் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்க்கும் பழைய சோதனையை விற்பவரே செய்து படம் அனுப்பலாம். செய்ய மறுக்கிறார் என்றால் அதுவே ஒரு பதில்.

உலோக ஸ்நேரில் வேறு கணக்கு. லுட்விக் சூப்ராஃபோனிக் 1963 வாக்கில் அலுமினியத்துக்கு மாறியது. அதன்மேல் குரோமியம் சரியாக ஒட்டாமல் புள்ளி புள்ளியாக உரியும். அசிங்கமாக இருக்கும், ஒலி கெடாது. அதற்கு முன்பான பித்தளை ஸ்நேரில் குரோமியம் நன்றாக நிற்கும்; அது அரியது, விலையும் அதிகம். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது எஃகு, வேறு மாதிரி.

தோல் பழையதா என்பது பெரும்பாலும் பொருட்டல்ல. 1957இல் ரெமோ பெல்லியின் பிளாஸ்டிக் தோல் வந்ததும் கன்றுத் தோல் மறைந்தது. மழைக்குத் தளர்ந்து வெயிலுக்கு இறுகும் தோலின் தொல்லையை மிருதங்க வித்வான்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க டிரம்மர்கள் அதிலிருந்து ஒரே பத்தாண்டில் விடுபட்டுவிட்டார்கள்.

பெட்டியும் தீர்வையும்

அஞ்சல் கூலி எடையால் மட்டும் தீர்வதில்லை. விமானக் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்கின்றன. மேளம் என்பது காற்றைச் சுற்றிய மரம். இந்தக் கணக்கு அதற்கு அநியாயம். 22 அங்குல பேஸ் டிரம், 16 அங்குல நிலை டாம், 13 அங்குலச் சிறிய டாம் ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டியில் அடைத்தால் கணக்கு எடை ஏறக்குறைய 74 கிலோ வரும். தோல்களையும் வளையங்களையும் கழற்றி, தேவைப்பட்டால் குமிழ்களையும் கழற்றி, சம்புடம் அடுக்குவதுபோல ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து 65க்கு 65க்கு 50 சென்டிமீட்டர் பெட்டியில் அடக்கினால் 42 கிலோ. உண்மை எடை அதில் பாதிகூட இராது. தாங்கிகளும் கால்களும் தனியாக ஒரு சிறு பெட்டியில் வர வேண்டும். கட்டைக்குள் இரும்பைப் போட்டு அனுப்பினால் அட்லாண்டிக் கடப்பதற்குள் மரம் அடிவாங்கும்.

டிரெஸ்டனுக்கு விமானப் பெட்டிகள் பலவும் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள லீப்சிக்–ஹாலே நிலையம் வழியாக வருகின்றன. டிஎச்எல் நிறுவனத்தின் பெரிய சரக்கு மையம் அங்கே இருக்கிறது. பிறகு சுங்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் தாள இசைக்கருவிகளுக்கு வழக்கமான தீர்வை 3.2 சதவீதம். அதன்மேல் ஜெர்மனியின் இறக்குமதி விற்பனை வரி 19 சதவீதம். இந்த 19 பொருளின் விலைக்கு மட்டும் இல்லை; விலை, கூலி, தீர்வை மூன்றும் சேர்ந்த தொகைக்கு. செட் 1,500 யூரோ, கூலி 300 என்று வைத்தால், இரண்டும் சேர்ந்த 1,800க்குத் தீர்வை 57.60, வரி 352.94; கைக்கு வரும்போது 2,210 யூரோ. விலையில் ஏறக்குறைய பாதி மேலும் ஏறிவிட்டது. இந்தக் கணக்கை முதலில் போடாதவர்களே பின்னால் விற்றவரைத் திட்டுகிறார்கள்.

பெட்டியின்மேல் ‘அன்பளிப்பு’ என்று எழுதித் தரட்டுமா என்று சில விற்பனையாளர்கள் கேட்பார்கள். அன்பளிப்புச் சலுகை 45 யூரோவரைதான். விற்ற பொருளை அப்படிப் பொய்யாக எழுதினால் சுங்கக் குற்றம். சுங்கத்தார் விலைப்பட்டியலும் பணம் செலுத்திய சான்றும் கேட்பது வழக்கம். குறைத்து எழுதினால் இன்னொரு நட்டமும் உண்டு: வழியில் உடைந்தால் காப்பீடு அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும். நூறு ஆண்டு தாண்டிய பொருளுக்கு மட்டும் தீர்வை கிடையாது, அது பழம்பொருள் என்ற வேறு தலைப்பில் சேரும். வரி அப்போதும் உண்டு. கறுத்த பித்தளையில் பூவேலை செதுக்கிய லுட்விக்கின் 1920களின் ஸ்நேர்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அந்த எல்லையைத் தாண்டுகின்றன. வயதை நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது.

வந்த பின்

பெட்டி பிரித்ததும் செய்யும் முதல் வேலை புதுத் தோல் பொருத்திப் பார்ப்பது. பழைய கிரெட்ச், ஸ்லிங்கர்லேண்ட் கட்டைகள் சில, இன்றைய அளவைவிட மயிரிழை பெரியவை. தோல் இறுகப் பிடித்து உட்காராது. அப்போது கட்டையைச் சீவத் தோன்றும். சீவக் கூடாது. சற்றே தளர்வாகச் செய்த தோல்கள் கிடைக்கின்றன, அவற்றைத் தேடி வாங்க வேண்டும். உறை சுருங்கி இணைப்பில் வாய் பிளந்திருந்தால் பசையிட்டுக் கட்டிவைக்கலாம். குமிழ்களைத் துடைக்கலாம். அதற்கு மேல் கை வைக்க வைக்க விலை இறங்கும்.

வாசிக்கும் இடமும் பிரச்சினையே. டிரெஸ்டனில் பெரும்பாலோர் அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகள். இரவு 10 மணிக்குப் பின் ஜெர்மனியில் அமைதி நேரம். 22 அங்குல பேஸ் டிரம்மைக் கீழ்வீட்டுக்காரர் பகலிலும் விரும்பமாட்டார். ஆகவே செட்டுகள் நிலவறையிலோ வாடகைப் பயிற்சி அறையிலோ போய்ச் சேர்கின்றன. நிலவறையின் ஈரம் மரத்துக்கும் பசைக்கும் ஆகாது.

கடைசித் தொல்லை திருகாணி. தோலை இறுக்கும் நீளத் திருகு 12-24 என்ற அமெரிக்க அளவு. இன்று பல நாட்டுத் தயாரிப்பாளர்களும் அதையே கையாள்வதால் டிரம் கடைகளில் கிடைக்கும். குமிழைக் கட்டையோடு பிணைக்கும் சிறு திருகு 8-32. ஜெர்மன் இரும்புக்கடையில் எல்லாமே மில்லிமீட்டர். எம்4 திருகை எடுத்துக் கட்டாயப்படுத்தித் திருப்பினால் குமிழின் உள்மரை பாழாகும். அனுபவப்பட்டவர்கள் பணம் அனுப்பும்போதே, சிறு பெட்டியில் ஒரு பிடி பழைய 8-32 திருகுகளும் போட்டு அனுப்பச் சொல்லிவிடுகிறார்கள்.